கூடு இறக்கும் நாள்

முப்பிடாதிக்கு ஆகாத ஆட்களை எண்ணத் தொடங்கினால் இரண்டு கை விரலும் போதாது. கொழுந்தன்காரன் மந்திரமூர்த்தியோடு ஒரு நாள் பேச்சு இருந்தால் மூன்று நாள் இருக்காது. முருங்கைக் காட்டுப் பெருமாள்ராஜைக் கண்டாலோ காறித் துப்பிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். அதற்காக அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிடக் கூடாது. குட்டி ஈன முடியாமல் கிடக்கிற ஆட்டின் பக்கத்தில் இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருப்பாள். மனுஷரிடத்தில் அந்தப் பொறுமை கிடையாது, அவ்வளவுதான்.

பிறந்தது பத்தமடைக்குப் பக்கத்தில். பத்தொன்பது வயதில் பேச்சிராஜுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கிடை போடுகிற குடும்பம். அறுப்பு முடிந்த வயலில் ஆடுகளை அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் உரமாகும். வயல்காரர் நெல் அளப்பார். வயல் மாறி வயல், ஊர் மாறி ஊர். கல்யாணமான ஏழாம் நாள் சட்டி பானையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆட்டுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கியவளுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. பேச்சிராஜ் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. ஆடுகளை அவளும் மந்திரமூர்த்தியும் சேர்ந்துதான் மேய்க்கிறார்கள். எல்லாம் செம்மறி, நூற்றிச் சொச்சம்.

அந்தக் குடும்பத்துக்கு வீடு என்று பார்த்தால் தாமிரபரணிப் பக்கம் முழுவதும்தான் வீடு. ஆனி, ஆடியில் மேற்கே மலையடிவாரம். சாரல் விழும், கம்பளி இல்லாமல் உட்கார முடியாது. புரட்டாசியில் கார் நெல் அறுத்த ஆற்றங்கரை வயல்கள். ஐப்பசியில் அடுத்த போகமான பிசான நெல்லுக்கு வயலில் தண்ணீர் கட்டிவிடுவார்கள். ஈரத்தில் நின்றால் செம்மறிக்குக் குளம்பு அழுகிவிடும். அதனால் கிழக்கே ஏரலைத் தாண்டி, தெற்கே திரும்பி, மானம் பார்த்த காட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகுமே தவிர தங்காது. புல் முளைக்கிற அளவுக்குத்தான் பெய்யும். மாசியில் பிசானம் அறுத்ததும் திரும்ப ஆற்றங்கரை. குளிர்ச்சி ஓர் இடம், ஈரம் ஓர் இடம், வறட்சி ஓர் இடம். அவள் மாமனாரின் தகப்பனார் நடந்த தடமும் அதுதான்.

அந்தத் தடம் எப்போது கெட்டுப்போனது என்று கேட்டால் அவளால் தேதி சொல்ல முடியாது. முதலில் மலையடிவாரத்தில் ஆனி மாசத்தில் வேர்த்தது. கம்பளியைத் தலையணையாக வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு பங்குனியில் சினையாடுகள் வெயில் தாங்காமல் குறைமாசத்தில் குட்டியை வீசின. ஒன்றல்ல, ஒன்பது. கார் நெல்லுக்குத் தண்ணீர் காணாமல் ஆற்றங்கரையில் பாதிப் பேர் வாழைக்குப் போய்விட்டார்கள். வாழைக்குள் ஆட்டை யார் விடுவார்? "உன் ஆட்டைப் பிடிச்சுக் கட்டு, இல்லன்னா வெட்டிப்போடுவேன்" என்று பல பேர் விரட்டினார்கள். அவளும் சும்மா வரவில்லை. அவர்கள் பாட்டனிலிருந்து பேரன் வரைக்கும் இழுத்து வைத்து ஏசிவிட்டுத்தான் வந்தாள்.

கடைசியில் பழைய மாதிரி இருப்பது கிழக்கே அந்தக் காய்ந்த காடு ஒன்றுதான் என்று அவள் நம்பினாள். அங்கே வெட்டுவான்குளம் என்று ஒரு மானாவாரிக் குளம். பெயர்தான் குளம், அது நிரம்பி அவள் பார்த்ததில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அவர்கள் குளத்தின் மேட்டு விளிம்பில் கிடந்துவிட்டு, மார்கழி முதல் தேதி குட்டிக் கூடுகளைக் குளத்துக்குள் இறக்குவார்கள். கூடு என்பது கவிழ்த்துப் போட்ட பெரிய கூடை. தாய் ஆடுகள் மேயப் போகும்போது பால்குட்டிகள் அதற்குள் இருக்கும். மார்கழி பிறந்தால் மழை முடிந்தது, வாடை தொடங்கியது என்று கணக்கு. குளத்துப் பள்ளத்தில் வாடைக் காற்று அடிக்காது; குட்டிகள் விறைக்காது. ஒரு தேங்காயை உடைத்து, கூட்டை இறக்கினால் அந்த வருஷம் குட்டி சேதமில்லை என்பது அவர்கள் குலத்தில் யாரும் மீறாத முறை.

அந்தக் குளத்துக்கு வடக்கே மேட்டில்தான் பெருமாள்ராஜின் முருங்கைக் காடு. ஏழு வருஷத்துக்கு முன்னால் கல்தூண் நட்டு, கம்பி வலை இழுத்து வேலி போட்டான். குளத்திலிருந்து மேடேறுகிற ஆட்டுப்பாதை வேலிக்குள் போய்விட்டது. முப்பிடாதி பஞ்சாயத்தைக் கூட்டினாள். அவன் பத்திரத்தைக் கொண்டுவந்தான். பத்திரத்தில் பாதை இல்லை.

"ஆடு பத்திரம் எழுதிட்டா நடக்கும்?" என்று அவள் கேட்டாள்.

"அப்ப ஆட்டை வந்து கையெழுத்துப் போடச் சொல்லு" என்றான் பெருமாள்ராஜ். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

வேலி போட்டுச் சில வருஷம் கழித்து, ஒரு கார்த்திகையில் தடுப்பூசி போட வந்த கால்நடை டாக்டர் சுகன்யா சின்னப் பெண். பிரியமாகத்தான் பேசுவாள். ஊசி போட்டு முடிந்ததும் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். நாடு முழுவதும் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"யக்கா, எது ஈர பூமி, எது காய்ஞ்ச பூமின்னு முன்னால போட்ட கோடு இது. இப்ப இந்தக் கோடு நகருது. கடல் சூடாயிட்டு. சூடான காத்து தண்ணிய அதிகமாச் சொமக்கும். வருசம் பூரா பைய பைய விழுந்த மழை இப்ப ரெண்டு நாளையில கொட்டிட்டுப் போயிருது. இது காய்ஞ்ச காடுதானேன்னு நம்பி இருக்காதீக."

"அந்தப் படத்துல ஆடு மேயுமா டாக்டரம்மா?"

"மேயாது."

"அப்ப உள்ள வையி."

மார்கழி முதல் தேதி விடிந்தபோது வானம் கறுத்துக் கிடந்தது, தூறலும் இருந்தது. அவள் தேங்காயை எடுத்துவிட்டாள். மந்திரமூர்த்தி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"மயினி, ரெட் அலர்ட்டுன்னு போன்ல வந்திருக்கு. ரெண்டு நாள் பாத்து எறக்குவமா?"

"ஒன் அண்ணன் இருந்தா இப்பிடிச் சொல்லுவானா? மார்கழி பொறந்தாச்சி. இது போற மழை. போவும்போது நாலு துளி போடத்தான் செய்யும்."

அவன் ஒருவேளை இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் யோசித்திருப்பாள். ஆனால் அந்த நேரம் பார்த்து வேலிக்கு உள்ளேயிருந்து பெருமாள்ராஜ் சத்தம் கொடுத்தான்.

"ஏட்டி முப்பிடாதி! கூறு கெட்டவளே, கூட்டை எறக்காத. மேல நில்லு!"

இவன் எதற்கு இதைச் சொல்கிறான்? குளத்துக் கரம்பை மேல், அந்த வண்டல் மண் மேல் அவனுக்கு ஒரு கண் உண்டு என்று ஊருக்கே தெரியும். இன்றைக்கு இறக்காமல் விட்டால் நாளைக்கு டிராக்டரை இறக்கி மண்ணை அள்ளிவிடுவான். அவள் மனசில் ஓடியது அவ்வளவுதான். தேங்காயை ஓங்கி உடைத்தாள். "எறக்குலே!" என்றாள் மந்திரமூர்த்தியிடம்.

பதினாலு கூடுகள், முப்பத்தோரு குட்டிகள். ஒன்பது கூடுகளை வடக்கு ஓரத்தில் வைத்தார்கள். ஐந்து கூடுகளைத் தெற்குப் பள்ளத்தில், காற்றே எட்டாத இடத்தில், புதுசாகப் பிறந்த குட்டிகளுக்காக வைத்தாள். தெற்கே உடைமரக் காட்டிலிருந்து நாய் வரும். வந்து கூட்டைத் தள்ளிவிடக் கூடாதென்று அந்த ஐந்தின் மேலும் கூட்டுக்கொரு கல்லாகத் தூக்கி வைத்தாள். கனமான கல். அவளே தேர்ந்தெடுத்தது.

மந்திரமூர்த்தி பெரிய ஆடுகளை ஓட்டிக்கொண்டு தேரிப் பக்கம் போனான். தேரி செம்மணல் மேடு, தண்ணீர் நிற்காது.

பத்து மணிக்கு மழை பிடித்தது. அவள் அதற்கு முன்னால் அப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை. துளி என்று ஒன்று தெரியவில்லை. சாய்த்து ஊற்றுகிற மாதிரி இருந்தது. தார்ப்பாய்களைக் கூடுகளின் மேல் இழுத்துக் கட்டினாள். பதினோரு மணிக்குக் காலடியில் தண்ணீர். அப்போதே மேடேறியிருக்கலாம். மேற்கே சுற்றி, ஓடையைக் கடந்து போனால் அரை மணி நேரம். ஆனால் வேலிக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு பெருமாள்ராஜ் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் முன்னால் இறக்கிய கூட்டை அவன் கண் முன்னாலேயே தூக்குவதா? மழை நிற்கட்டும் என்று உட்கார்ந்தாள்.

நிற்கவில்லை. மத்தியானம் ஒரு மணி இருக்கும், மேற்கே உறுமல் கேட்டது. லாரி வருகிறது என்று நினைத்தாள். அந்தப் பக்கம் ரோடு எது? வந்தது ஓடை. மேலே எங்கேயோ ஒரு குளம் உடைத்துக்கொண்டு, செந்தண்ணீராக, முள்ளும் மரமும் பனையோலையுமாக உள்ளே இறங்கியது. மேற்கு வழி போயிற்று. கிழக்கே கரை, அதை ஒட்டித்தான் ஆழம். தெற்கே பள்ளம். மிச்சம் வடக்கு. வடக்கே வேலி.

அவள் ஓடிப்போய் வடக்கு ஓரத்துக் கூட்டை நிமிர்த்தி, கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டியை எடுத்துக்கொண்டு வேலிக்கு ஓடினாள். குட்டியைக் கீழே விட்டுவிட்டுத் தொரட்டி அரிவாளால் கம்பியை வெட்டினாள். கம்பி அறுபடவில்லை. கைதான் கிழிந்தது.

"தள்ளுட்டி!" பெருமாள்ராஜ் தலையில் கோணிச் சாக்கோடு வந்து நின்றான். கையில் கம்பி வெட்டுகிற கட்டர். "எருமைக்குச் சொன்னாலும் கேட்டிருக்கும். சொன்னேனா இல்லையா?"

"வெட்டும்வே முதல்ல! பெறவு பேசும்."

"உனக்காவ வெட்டல. செத்த குட்டி நாறுனா என் கெணத்துத் தண்ணிதான் கெடும்."

"உம்ம கெணறு தூந்து போவ."

"உன் வாய் தூந்து போவ. எடுத்துக் குடு!"

அவன் வெட்டிய ஓட்டை வழியாக அவள் குட்டிகளை நீட்டினாள். அவன் வாங்கி மோட்டார் ரூமுக்குள் போட்டான். ஒவ்வொரு நடைக்கும் ஏச்சுதான். அவன் அவளுடைய புத்தியை ஏச, அவள் அவனுடைய வேலியை ஏச, நடுவில் குட்டிகள் கை மாறின. ஒன்பது கூடுகள் காலியாயின. பத்தொன்பது குட்டிகள். தண்ணீர் அவள் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது.

தெற்குப் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தாள். தார்ப்பாயின் நீல நுனி மட்டும் தெரிந்தது. அவள் திரும்பி நடந்தாள்.

"போவாத! ஓடை நடுவுல இழுக்குது!"

அவள் கேட்கவில்லை. அவன் ஓட்டை வழியாகக் குதித்து வந்து அவள் கையைப் பிடித்தான்.

"விடும்வே! பன்னெண்டு கெடக்கு அங்கன!"

"நீ போனா பதிமூணு."

"கைய விடும்!"

அவன் விடவில்லை. அவள் குனிந்து அவன் கட்டை விரலுக்குக் கீழே பல் பதியக் கடித்தாள். ரத்தம் வந்தது. அப்போதும் விடவில்லை. இழுத்துக்கொண்டுபோய் மேட்டில் தள்ளி, மூச்சு வாங்க அவள் மேல் ஏறி உட்காராத குறையாகப் பிடித்து வைத்தான். நீல நுனியும் போயிற்று.

மறுநாள் மத்தியானம்தான் மந்திரமூர்த்தி தேரியிலிருந்து ஆடுகளோடு வந்து சேர்ந்தான். வழியெல்லாம் கடலாகக் கிடந்தது என்றான். ஏரலில் வீடுகளுக்குள் ஆறு புகுந்துவிட்டது என்றான். முப்பிடாதி காதில் எதுவும் விழவில்லை. மோட்டார் ரூம் கதவைத் திறந்ததும் குட்டிகள் ஓடின, தாய்கள் மோந்து பார்த்துச் சேர்ந்தன. சேராமல் நின்ற தாய்கள் மடி கனத்து, வேலியோரம் நின்று கத்தத் தொடங்கின. மூன்று நாள் கத்தின.

"அதுக வாயைக் கெட்டுட்டி, உறங்க முடியல" என்றான் பெருமாள்ராஜ். அவனுடைய முருங்கையும் பாதி சாய்ந்து, மிச்சம் வேர் அழுகி நின்றது. கையில் துணியைச் சுற்றியிருந்தான்.

"நீரு கைய விட்டிருந்தா கத்தாது."

"உனக்கு உயிர் இருக்கிறதே அந்தக் கையால."

"நான் கேட்டனா?"

நாலாம் நாள் தண்ணீர் வடிந்து பள்ளம் தெரிந்தது. வடக்கு ஓரத்தில் கல் வைக்காத ஒன்பது காலிக் கூடுகளும் மிதந்து போய்க் கரையில் ஒதுங்கிக் கிடந்தன. தெற்கே ஐந்தும் வைத்த இடத்திலேயே இருந்தன. மேலே வைத்த கல் வைத்தபடி. அவள் ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கீழே வைத்தாள். மந்திரமூர்த்தி கிட்ட வந்தான். "நீ வராத" என்றாள். குழியையும் அவளே தோண்டினாள்.

போவதற்கு முன்னால் பெருமாள்ராஜ், "வேலியை யார் அடைப்பா?" என்று கேட்டான். அவள் உடைமுள்ளை வெட்டிக் கட்டாகக் கொண்டுவந்து ஓட்டையில் திணித்தாள். "இந்தா உம்ம வேலி. இப்ப சேந்துட்டா?" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டினாள்.

அடுத்த மார்கழிக்கு அவள் கிழக்கே வரவில்லை. மந்திரமூர்த்தி எவ்வளவோ சொல்லியும் கேளாமல் மேற்கே மலையடிவாரத்தில் தங்கினாள். அந்த வருஷம் மழை அங்கே கொட்டியது. குட்டி தப்பியது, ஈரத்தில் நின்று பெரிய ஆடுகளுக்குக் குளம்பு அழுகியது. இருபது ஆட்டுக்கு மேல் நொண்டின. கொழுந்தனும் மயினியும் இரண்டு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மருந்து போட வந்த சுகன்யாவிடம் அவளே கேட்டாள். "அந்தப் படத்தை எடு."

சுகன்யா எடுத்தாள்.

"எங்க காய்ஞ்ச காடு இதுல எங்கன இருக்கு?"

சுகன்யா விரல் வைத்துக் காட்டினாள்.

"இப்ப அது எங்கன போயிருக்கு? மேக்கயா, வடக்கயா? போன எடத்தைச் சொல்லு. நாங்க நடந்து போயிக்கிடுதோம்."

"யக்கா, அது ஒரு எடத்துல போயி நிக்கல. இன்னும் நகந்துகிட்டுதான் இருக்கு."

"நிக்காத எடத்துல நான் எங்கன கூட்டை எறக்கட்டும்?"

அந்தப் பெண் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். முப்பிடாதிக்கு அதுவும் கோபம்தான். "படிச்சவளுக்கும் தெரியலன்னா எதுக்குக் கலர் கலரா அடிச்சு வச்சிருக்க?" என்றாள். என்றாலும் போகும்போது ஒரு செம்பு பால் கொடுத்தனுப்பினாள்.

அதற்கு அடுத்த மார்கழியில் அவள் வெட்டுவான்குளத்துக்குத் திரும்பி வந்தாள். கார்த்திகை முழுவதும் துளி இல்லை. வானம் வெளுத்துக் கிடந்தது. குளத்துக்குள் எப்போதோ ஆவணியில் பெய்த மழைக்கு முளைத்த புல் காய்ந்து நின்றது. மேட்டில் வாடை ஊசியாகக் குத்தியது. பகலில் அப்படி வெயில், விடியலில் இப்படிக் குளிர். இரண்டு குட்டிகள் விறைத்துப் போயின.

முதல் தேதி மந்திரமூர்த்தி தேங்காயோடு வந்தான். "மயினி, எறக்கிருவோம். இன்னைக்கு யாரு சொன்னாலும் மழை கெடையாது."

"தேங்காயைச் சட்னிக்கு வையி."

அவள் பதினாலு கூடுகளையும் குளத்துக்கு வெளியே, பெருமாள்ராஜ் வேலியை ஒட்டி, மேட்டில் வரிசையாகக் கவிழ்த்தாள். ஒன்றின் மேலும் கல் வைக்கவில்லை. ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை அவன் கல்தூணில். தண்ணீர் வந்தாலும் கூடு மிதக்கும், குட்டி அடியில் சிக்காது, கூடும் போய்விடாது. நாய் வந்தாலும் தள்ளிக்கொண்டு போக முடியாது. இப்படி அவர்கள் குலத்தில் யாரும் கட்டியதில்லை.

பெருமாள்ராஜ் வந்து பார்த்தான்.

"என் தூண்ல உன் கூட்டைக் கெட்ட யாருட்டி சொன்னா?"

"யாரும் சொல்லல."

"வானத்தைப் பாரு. ஒரு பொட்டு மேகம் இல்ல. உள்ள எறக்கு. குட்டி வெறைச்சுச் சாவுது, கண்ணு தெரியல?"

"அன்னைக்கு எறக்காதன்னீரு. இன்னைக்கு எறக்குங்கீரு."

"அன்னைக்கு நான் சொன்னதுதான நடந்துச்சு?"

"நடந்துச்சு. அதுக்காவ உம்ம பேச்சைக் கேட்டுருவேன்னு நெனச்சீரா?"

அவன் குனிந்து ஒரு முடிச்சில் கை வைத்தான். கட்டை விரலுக்குக் கீழே தழும்பு பிறைபோல வெளுத்திருந்தது. முப்பிடாதி தொரட்டியைக் கையில் எடுத்தாள்.

"அவுத்துப் பாரும்."

அவன் முடிச்சை இழுத்துப் பார்த்தான். அது இறுகிக் கிடந்தது. நிமிர்ந்து, குளத்துக்குள் தெற்குப் பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"என் கம்பி சாஞ்சிச்சுன்னா உன்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவேன்."

"ஆக்கும். அன்னைக்கு இங்கனதான் இருப்பேன்."

அவன் காறித் துப்பிவிட்டுப் போனான். அவளும் துப்பினாள். பிறகு முதல் கூட்டிலிருந்து பதினாலாவது கூடு வரை ஒவ்வொரு கயிற்றையும் இழுத்துச் சரிபார்த்தாள். வாடை பலமாக வீசத் தொடங்கியது. சாரலில் போர்த்திக்கொண்டு திரிந்த கம்பளி எத்தனையோ வருஷமாக மூட்டையின் அடியில் கிடந்தது. அதை உதறி எடுத்து, சின்னக் குட்டிகள் இருந்த கூட்டின் மேல் போர்த்தி, காற்று வருகிற பக்கம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள்.